சப்போர்ட்டட் லிவிங் வீட்டில் பொதுச் சாமான் செலவு: யார் கொடுப்பது, எப்படிப் பிரிப்பது?

"வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. புதிது 400 பவுண்ட். வீட்டில் நான்கு பேர், ஆகவே தலைக்கு 100 பவுண்ட் எடுத்துக்கொள்கிறோம்." பராமரிப்பு உதவி தேவைப்படும் சிலர் வாடகைக்குச் சேர்ந்து குடியிருப்பதுதான் சப்போர்ட்டட் லிவிங் வீடு. அங்கே ஊழியர்களை அனுப்பும் கேர் கம்பெனியிடமிருந்து இப்படி ஒரு ஈமெயில் வந்தால் பெரும்பாலான குடும்பங்கள் சரி என்று பதில் போட்டுவிடுகின்றன. வகுத்தல் கணக்கு சரியாக இருப்பதால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த மெஷின் வீட்டுக்காரர் கொடுத்ததாக இருந்தால், பெரும்பாலும் நால்வரும் ஒரு பென்னிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. மாதாமாதம் வாடகையோடு கட்டும் பொதுச் சேவைக் கட்டணத்தில் (சர்வீஸ் சார்ஜ்) அதற்கான காசு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்.

எப்படிப் பிரிப்பது என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இது யார் தலையில் விழ வேண்டிய செலவு என்பதுதான் முதலில் வர வேண்டியது. இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் சண்டையும் குறையும், செலவும் குறையும்.

இங்கிலாந்தில் சப்போர்ட்டட் லிவிங் வீட்டில் இருப்பவர்களுக்கும், அவர்களுடைய பணத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அக்கா, அம்மா, அப்பாவுக்கும், அங்கே வேலை செய்யும் சப்போர்ட் ஒர்க்கர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் சட்டங்கள் சில இடங்களில் வேறு. அங்கே இருப்பவர்கள் பொதுவான முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: காகிதங்களைத் தேடி எடுங்கள்

கேர் ஹோமில் தங்குமிடமும் பராமரிப்பும் ஒரே ஒப்பந்தம். சோபா, பிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் ஹோமின் பொறுப்பு. சப்போர்ட்டட் லிவிங்கில் அப்படி இல்லை. வீட்டுக்கு ஒரு டெனன்சி, அதாவது வாடகைக் குடியிருப்பு ஒப்பந்தம், இருக்கும். அது பெரும்பாலும், லாப நோக்கமில்லாமல் வீடுகளை வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேஷன் ஒன்றுடன் இருக்கும். பராமரிப்புக்கு வேறொரு ஏற்பாடு. உங்கள் தம்பி அந்த வீட்டில் 'வைக்கப்பட்டிருக்கும்' ஆள் அல்ல; வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஆள். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மீதிப் பாதி தானாகப் புரிந்துவிடும்.

தேட வேண்டிய காகிதங்கள் இவை: டெனன்சி ஒப்பந்தம், அதோடு வந்த சாமான் பட்டியல், சர்வீஸ் சார்ஜின் விவரப் பிரிவு, உள்ளாட்சியான கவுன்சில் எழுதிய பராமரிப்புத் திட்டம் (கேர் அண்ட் சப்போர்ட் பிளான்), குடியிருப்பவர்களின் பணத்தைக் கையாள்வது பற்றிக் கேர் கம்பெனி வைத்திருக்கும் எழுத்துபூர்வமான விதிமுறை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் சில மேனேஜர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். நல்ல நிறுவனம் மறுநாளே அனுப்பிவைக்கும்.

சர்வீஸ் சார்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற ஒற்றை எண்ணோடு திருப்தி அடையாதீர்கள். அதில் தோட்டம் எவ்வளவு, பொது இடத்து விளக்கு எவ்வளவு, தளவாடங்களும் சமையலறைச் சாமான்களும் எவ்வளவு என்று வரி வரியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகைக்கு அரசு தரும் உதவித்தொகையான ஹவுசிங் பெனிபிட்டின் விதிகளின்படி பொது இடத்துத் தளவாடங்களையும் வீட்டுச் சாமான்களையும் பயன்படுத்துவதற்கான கட்டணத்தைப் பெனிபிட்டில் சேர்க்கலாம். முக்கிய நிபந்தனை, அந்தச் சாமான் வீட்டுக்காரரின் சொத்தாகவே இருக்க வேண்டும். பின்னால் குடியிருப்பவருக்குச் சொந்தமாகும் பொருளுக்குச் சேர்க்க முடியாது. துணி துவைத்துக் கொடுக்கும் சேவைக்குப் பெனிபிட் கிடையாது. ஆனால் தாங்களே துவைத்துக்கொள்ள மெஷின் வைத்துக் கொடுத்தால் அந்தக் கட்டணம் சேரும். ஆகவே 'தளவாடங்கள்' என்றொரு வரி அந்தப் பட்டியலில் இருந்து, புது மெஷினுக்கும் தலைக்கு 100 கேட்டால், ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

படி 2: ஒவ்வொரு சாமானுக்கும் சொந்தக்காரர் யார்?

ஒரு மதிய நேரத்தை ஒதுக்கி, குடியிருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகச் சுற்றி வாருங்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். இந்த வேலைதான் மொத்த வழிகாட்டியிலும் அதிக நேரம் பிடிப்பது. அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவதும் இதுதான்.

வீட்டுக்காரருடையவை: சுவரோடு பொருத்தியவை எல்லாம் கிட்டத்தட்ட உறுதி. பாய்லர், குளியலறைப் பொருத்தங்கள், சமையலறை அலமாரி, தீ எச்சரிக்கை மணி. வீட்டைச் சாமான்களோடு வாடகைக்கு விட்டிருந்தால் குக்கர், பிரிட்ஜ், சோபா, சாப்பாட்டு மேசை ஆகியவையும் சேரும். சாமான் பட்டியலில் இருந்தால் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேர் கம்பெனியுடையவை: இங்கேதான் நிறைய குழப்பம். கையுறை, ஏப்ரன் போன்ற பாதுகாப்புச் சாதனங்களை ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. குடியிருப்பவரின் வாராந்திரக் கடைப் பட்டியலில் கையுறைப் பெட்டி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர், பிரிண்டர் மை, ரெக்கார்ட் எழுதும் நோட்டு, இரவில் வீட்டிலேயே தங்கித் தூங்கும் ஊழியர் (ஸ்லீப்-இன்) படுக்கும் கட்டில், அவருடைய படுக்கை விரிப்பு எல்லாமே தொழில் நடத்துபவரின் செலவு. ஊழியர் குடிக்கும் டீ, காபி, பால், சர்க்கரையும் அப்படியே. ஒரு டீயில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் 24 மணி நேரமும் ஆள் மாறி மாறி வரும் வீட்டில் பாலும் டீத்தூளும் யார் காசில் தீர்கின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

கவுன்சிலோ அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸோ கொடுக்க வேண்டியவை: கேர் ஆக்ட் 2014-இன் கீழ் வந்த விதிமுறைப்படி, ஒருவருக்குத் தேவை என்று கவுன்சில் மதிப்பிட்ட உதவிச் சாதனங்களையும், 1,000 பவுண்ட் வரையிலான சிறு மாற்றங்களையும் இலவசமாகத் தர வேண்டும். கைப்பிடிக் கம்பி, ஷவர் நாற்காலி, டாய்லெட் இருக்கையை உயர்த்தும் சாதனம் இவையெல்லாம் அந்த வகை. இப்படிப்பட்டவற்றை "வீட்டில் எல்லோரும் உபயோகிக்கலாமே" என்று பொதுச் செலவில் வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். அன்றாட வேலைகளுக்கான சாதனங்களைப் பரிந்துரைக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்த்து மதிப்பீடு கேளுங்கள்.

தனிநபருடையவை: ஒருவர் தன் காசில் வாங்கிய டிவி, சாய்வு நாற்காலி, மைக்ரோவேவ். பொது ஹாலில் இருந்தாலும் அவருடையதுதான். மற்றவர்கள் பார்ப்பதும் உட்காருவதும் அவருடைய பெருந்தன்மை. உரிமையை மாற்றும் விஷயமில்லை. ரசீது இருந்தால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பொதுச் சாமான். பல வீடுகளில் அந்தப் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சின்னதாக இருக்கும்: ஹூவர், கெட்டில், டோஸ்டர், பாத்திரம் பண்டம், துடைப்பம், துப்புரவுத் திரவங்கள், டாய்லெட் பேப்பர், பாத்திரம் கழுவும் லிக்விட், பிராட்பேண்ட், சிலசமயம் டிவியும் தோட்டத்து நாற்காலிகளும்.

படி 3: 'சரி' சொல்லும் அதிகாரம் யாருக்கு?

நால்வருக்கும் சேர்த்து ஒரே முடிவு என்று எதுவும் கிடையாது. ஒரே மெஷினாக இருந்தாலும் அது நான்கு தனித்தனி முடிவு. முடிவெடுக்கும் திறன் பற்றிய சட்டமான மென்டல் கெபாசிட்டி ஆக்ட் 2005 சொல்லும் முதல் கொள்கை, ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று நிரூபிக்கும்வரை அவரால் முடியும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. அதுவும் அந்தந்த முடிவுக்கு ஏற்ப. ஐ.எஸ்.ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கைப் பற்றி முடிவெடுக்க இயலாதவர், கெட்டில் வாங்க 6 பவுண்ட் தருவதா வேண்டாமா என்று தெளிவாகச் சொல்லலாம். படம் காட்டுங்கள், கடைக்குக் கூட்டிப்போங்கள், பணத்தை மேசையில் எண்ணிக் காட்டுங்கள். இப்படி முடிந்த உதவியெல்லாம் செய்து பார்க்காமல் 'புரியாது' என்று எழுதிவிடக் கூடாது. வேண்டாம் என்பது நமக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் அவருடைய பதில் அதுதான்.

அவரால் அந்த முடிவை எடுக்கவே முடியவில்லை என்றால், அவருடைய நலனுக்கு எது உகந்தது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். அவருடைய நலன் என்றால் அவருடையது மட்டும். வீட்டின் நலனோ ஊழியர் வேலை அட்டவணையின் (ரோட்டா) வசதியோ அதில் வராது. பணத்தைத் தொடும் அதிகாரமும் வேறு வேறு. பெனிபிட் வழங்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி நியமித்த அப்பாயின்டி (குடியிருப்பவர் சார்பில் பெனிபிட் வாங்குபவர்) அந்தப் பெனிபிட் பணத்தை மட்டும் நிர்வகிக்கலாம். பழைய சேமிப்பு, வீடு, வாரிசுப் பணம் அவர் எல்லைக்குள் வராது. அவற்றுக்கு, முடிவெடுக்க முடியாதவர்களுக்கான நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் நியமித்த சார்பாளரோ (டெபுட்டி), சொத்து மற்றும் நிதி விஷயங்களுக்காக அவரே முன்கூட்டி எழுதிக்கொடுத்த லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி பெற்றவரோ (அட்டர்னி) வேண்டும்.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "நான் கூடப்பிறந்த அண்ணன், நெக்ஸ்ட் ஆஃப் கின்" என்பதால் மட்டும் பணத்தில் கை வைக்கும் சட்ட அதிகாரம் வராது. அதே மாதிரி கேர் கம்பெனியின் மேனேஜருக்கும் வராது. கம்பெனியே அப்பாயின்டியாக இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே தன் தலையில் விழ வேண்டிய செலவைக் குடியிருப்பவர் கணக்கில் எழுதும் ஆசை யாருக்கும் வரக்கூடிய ஒன்று. அப்படிப்பட்ட வீட்டில் பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தினர், சோஷியல் ஒர்க்கர், குடியிருப்பவர் சார்பில் பேசும் அட்வகேட் என்று வெளியாள் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடுவது நல்லது.

சேமிப்பு அதிகம் உள்ளவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யுனிவர்சல் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துத் தரும் பெனிபிட்களில் கையிருப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் தொகை குறையத் தொடங்கும், 16,000-ஐத் தாண்டினால் நின்றுவிடும். உடனே ஒரு யோசனை வரும்: "அவளிடம் பணம் ஏறிக்கொண்டே போகிறது, வீட்டுக்கு ஒரு நல்ல சோபா வாங்கிவிடலாமே." அவளுக்கென்று வாங்கினால் தவறில்லை. நான்கு பேர் உட்காரும் சோபாவை ஒருத்தியின் காசில் வாங்குவது மற்ற மூவருக்கும் பரிசு கொடுப்பது. டெபுட்டிக்கும் அட்டர்னிக்கும் பரிசு கொடுக்கும் அதிகாரம் மிகக் குறுகலானது. அவளே தெரிந்து, விரும்பிச் சொன்னால் வேறு விஷயம். அப்படியென்றால் அதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

படி 4: இப்போது பிரிக்கலாம்

சமப் பங்கு எளிது. சின்னச் சாமானுக்கு அதுவே போதும். டாய்லெட் பேப்பரை யார் எத்தனை அடி இழுத்தார்கள் என்று அளப்பது யாருக்கும் மரியாதை இல்லை. அதற்கு மேல் போகும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒருவர் உபயோகிக்கவே போவதில்லை என்றால் அவர் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஹாலில் 300 பவுண்டுக்கு டிவி வாங்கப்போகிறார்கள், நால்வரில் ஒருவர் எப்போதும் தன் அறையில் டேப்லெட்டில் பார்ப்பவர். மற்ற மூவரும் தலைக்கு 100 போடட்டும். டிவி மூவருக்கும் சொந்தம் என்று எழுதுங்கள். நாளைக்கு நான்காமவர் வந்து உட்கார்ந்தால் துரத்தவா போகிறோம்?

ஒருவர் மிக அதிகமாக உபயோகிக்கும் நிலைமைதான் நெருடலானது. சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாததால் தினமும் இரண்டு மூன்று முறை துவைக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் சீக்கிரம் தேயும், தண்ணீரும் மின்சாரமும் ஏறும். அவரிடம் இரட்டைப் பங்கு கேட்பதா? என்னைக் கேட்டால், முதலில் அவருக்குச் சேர வேண்டியவை வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கவுன்சில் அவரிடம் பராமரிப்புக் கட்டணம் வசூலித்தால், மாற்றுத்திறனால் ஏற்படும் கூடுதல் செலவைக் கணக்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். தனிப்பட்ட சலவைத்தூள், சலவைச் செலவு, படுக்கை விரிப்பு மாற்றும் செலவு, வழக்கத்தைவிட அதிகமான ஹீட்டிங் எல்லாமே அரசின் வழிகாட்டுதலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பவை. தண்ணீர் மீட்டர் உள்ள வீடாக இருந்து, பெனிபிட் வாங்குபவருக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் மருத்துவக் காரணமும் இருந்தால் வாட்டர்ஷ்யூர் திட்டத்தில் பில்லுக்கு உச்சவரம்பு கிடைக்கும். இதையெல்லாம் வாங்கிய பிறகு அவர் கொஞ்சம் கூடுதலாகப் போடுவது நியாயமாக இருக்கலாம். அதைச் செய்யாமல் 'நீதான் அதிகமாகத் துவைக்கிறாய்' என்பது கொடுமை.

ஊழியர் பங்கை மறக்காதீர்கள். ஸ்லீப்-இன் அறைக்கும் ஆபீஸுக்கும் விளக்கும் ஹீட்டரும் எரிகின்றன. வை-பையில் கம்பெனியின் ரெக்கார்ட் ஏறுகிறது. அந்த அறைகளின் செலவு வீட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையே தீர்ந்துவிடுகிறதா, இல்லை குடியிருப்பவர்களின் பில்லில் சத்தமில்லாமல் ஏறுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நால்வர் வீட்டில் பிராட்பேண்டை ஐந்தாகப் பிரித்து ஐந்தாம் பங்கைக் கம்பெனி போடுவது ஒரு வழி. மாதம் 30 பவுண்ட் என்றால் ஆளுக்கு 7.50-க்குப் பதில் 6 பவுண்ட். வருடத்துக்கு ஒருவருக்கு 18 பவுண்ட்தான், ஆனால் வாரச் செலவுக்கு எண்ணிக் கொடுக்கும் பணத்திலிருந்து போவது அது.

காலி அறை வந்தால் மீதி மூவரின் பங்கு தானாக ஏறிவிடக் கூடாது. இதை அறை காலியாகும் முன்பே பேசி முடிக்க வேண்டும். அந்தக் காலத்துக்கான நான்காம் பங்கை யார் ஏற்பது, வீட்டுக்காரரா கம்பெனியா கவுன்சிலா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதும். காலியான பிறகு கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

ஒருவர் உடைத்துவிட்டால்? பதற்றத்தில் டிவியைத் தள்ளிவிட்டார். பணத்தை அவர் கணக்கில் எடுப்பது தண்டனை போல ஆகிவிடும். அவருக்கு அப்படிப் பதற்றம் வரும் என்பது கேர் பிளானில் எழுதியிருக்கிறதா, பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களா, அன்று போதிய ஆள் இருந்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸையும் பாருங்கள். வீட்டுக்காரரின் பாலிசி வழக்கமாகக் கட்டடத்தையும் அவருடைய சாமான்களையும் பற்றியது; குடியிருப்பவர்களின் சொந்தப் பொருளுக்குத் தனியே கன்டென்ட்ஸ் இன்சூரன்ஸ் வேண்டும்.

படி 5: வாராந்திரச் சில்லறைச் செலவு

துப்புரவுப் பொருள்களுக்கும் பாத்திரம் கழுவும் லிக்விட்டுக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டம் போட முடியாது. ஆளுக்கு வாரம் ஒரு சிறு தொகை என்று பேசி ஒரு கிட்டி (பொதுச் சில்லறைப் பணம்) வைப்பது நடைமுறைக்கு உகந்தது. மூன்று மாத ரசீதுகளை வைத்துக் கணக்குப் போட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். சாப்பாட்டுச் செலவை இதில் கலக்காமல் இருப்பது நல்லது. ஒருவர் அளவோடு சாப்பிடுவார், இன்னொருவர் டயட்டில் இருப்பார், வேறொருவர் மரக்கறி மட்டும் சாப்பிடுவார். சேர்ந்து சமைக்கும் நாளுக்கு மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கிட்டியில் பெரிய தொகையைச் சேர விடாதீர்கள். பொது வங்கிக் கணக்கு என்று ஒன்று தொடங்கினால் அதில் யாருடையது எவ்வளவு என்று இரண்டு வருடம் கழித்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருடைய பங்கும் அவரவர் சேமிப்பாகவே கணக்கில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மெஷின் மாற்றக் காசு சேர்க்க வேண்டுமானால் அவரவர் கணக்கிலேயே சேரட்டும்.

பணம் கொடுத்தால் அன்றே எழுத வேண்டும். தேதி, தொகை, யார் எடுத்தார், எதற்கு, மீதி எவ்வளவு. ரசீதை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்து. குடியிருப்பவர் கையெழுத்திட முடிந்தால் அந்த இரண்டில் ஒன்று அவருடையது.

கடையில் நடக்கும் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூப்பர்மார்க்கெட் பாயின்ட்ஸ் கார்டு. குடியிருப்பவர் காசில் வாங்கும்போது ஊழியர் தன்னுடைய கார்டைத் தட்டினால், அந்தப் பாயின்ட்டுகள் குடியிருப்பவர் பணத்தில் வந்த ஆதாயம். சின்ன விஷயம் மாதிரி தெரிந்தாலும் இதற்காக ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் அந்த இலவசமும் வீட்டுக்கே வர வேண்டும். பின் நம்பரை ஊழியரிடம் சொல்லி வைப்பதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டவே வேண்டாம்.

படி 6: பெரிய பொருள் வாங்கும்போது

நூறு பவுண்டுக்கு மேல் என்றால் பெரியது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்; உங்கள் வீட்டுக்கு ஐம்பது பொருத்தமாக இருந்தால் ஐம்பது. கோட்டைத் தாண்டினால் குறைந்தது இரண்டு மூன்று கடை விலையைப் பார்க்க வேண்டும், ஒவ்வொருவருடைய முடிவையும் தனித்தாளில் எழுத வேண்டும், தேர்ந்தெடுக்கக் குடியிருப்பவர்கள் போக வேண்டும். கட்டில், சோபா, டிவி போன்றவற்றில் ஊழியர்களின் ரசனை நுழைந்துவிடுவது சகஜம். சாம்பல் நிற சோபாக்கள் இவ்வளவு வீடுகளில் எப்படி வந்தன என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் மெத்தை வைத்த எதற்கும் தீப்பாதுகாப்பு லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். 1988-ஆம் ஆண்டு வந்த தளவாடத் தீப்பாதுகாப்பு விதிமுறைகள் காரணமாக அந்த லேபிள் இல்லாத சோபாவைத் தர்மக் கடைகள் (சேரிட்டி ஷாப்) எடுக்கமாட்டா. பின்னால் கொடுத்துக் கழிப்பதும் கஷ்டம்.

ரசீதில் ஊழியர் பெயரோ கம்பெனி பெயரோ வரக் கூடாது. பங்கு போட்ட எல்லோர் பெயரையும் கடைக்காரர் எழுதமாட்டார்தான். ஒருவர் பெயரில் வாங்கி, ரசீதின் நகலில் நால்வரும் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு எல்லோருடைய ஃபைலிலும் ஒன்று வைத்தால் போதும். பொருளில் கோளாறு இருந்தால் கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் 2015-படி 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அதற்குப் பிறகும் முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. ரசீதைத் தொலைக்காமல் இருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும்.

பழைய மெஷினை எடுத்துப்போவது, பொருத்திக் கொடுப்பது, கூடுதல் வாரன்டி ஆகியவற்றின் செலவையும் ஆரம்பத்திலேயே கூட்டிக்கொள்ளுங்கள். வாரத் தவணையில் வீட்டுச் சாமான் கொடுக்கும் கடைகள் பக்கம் போக வேண்டாம். கையில் பணம் இல்லாமல் புதிதாகக் குடிவருபவர் என்றால் முதலில் கவுன்சிலின் அவசர உதவித் திட்டத்தைக் கேளுங்கள். பல கவுன்சில்கள் பிரிட்ஜ், குக்கர் போன்றவற்றுக்கு உதவுகின்றன.

படி 7: பில்கள் யார் பெயரில்

டிவி பார்ப்பதற்குக் கட்ட வேண்டிய டிவி லைசென்ஸ் பலரும் தடுமாறும் இடம். நால்வரும் சேர்ந்து ஒரே கூட்டு டெனன்சியில் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். தனித்தனி டெனன்சி என்றால் தன் அறையில் டிவி பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் தேவைப்படும். ஹாலில் இருக்கும் டிவிக்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டு டெனன்சி வீட்டில் பார்வை கடுமையாகக் குறைந்தவர் என்று சான்றுள்ளவர் ஒருவர் இருந்தால் லைசென்ஸை அவர் பெயருக்கு மாற்றுங்கள், கட்டணம் பாதியாகிவிடும்.

மின்சாரம், கேஸ் பில்லும் அப்படியே. பில்லில் கிடைக்கும் கழிவான வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் 150 பவுண்ட், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தகுதியைப் பார்த்துத்தான் வரும். பில் கம்பெனி பெயரில் இருந்தால் அந்தக் கழிவு கிடைக்காமல் போகலாம். வந்தால், பில்லைப் பங்கு போடுவது போலவே கழிவையும் பங்கு போட வேண்டும். பில் பெயர்க்காரர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. இதோடு எல்லோரையும், கூடுதல் உதவி தேவைப்படுபவர்களுக்கான பட்டியலான பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டரில் சேர்த்துவிடுங்கள், அதற்குக் காசில்லை.

படி 8: ஒருவர் போகும்போது, இன்னொருவர் வரும்போது

பங்கு போட்டு வாங்கிய பொருளைப் பிய்த்தா கொடுக்க முடியும்? வாங்கும் நாளிலேயே ஒரு சூத்திரம் எழுதி வைத்துவிடுங்கள். நான் சொல்வது இப்படி: பொருளுக்கு இத்தனை வருட ஆயுள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவது. மெஷின் 400 பவுண்ட், எட்டு வருடம் என்று வைத்தால் வருடத்துக்கு 50, தலைக்கு 12.50. இரண்டு வருடம் கழித்துப் போகிறவருக்குத் தன் 100-இல் 25 தேய்ந்துபோயிற்று, 75 திரும்ப வர வேண்டும். புதிதாக வருபவர் அந்த 75-ஐப் போட்டுப் பங்காளி ஆகலாம். ஆனால் அவரை வற்புறுத்தக் கூடாது, மெஷினைத் தொடவிடமாட்டோம் என்றும் சொல்லக் கூடாது. புது ஆள் வரத் தாமதமானால் அந்தத் தொகையை யார் தற்காலிகமாகக் கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நாற்பது பவுண்டுக்குக் கீழே உள்ள சாமானுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஒருவர் இறந்துபோனால் அவருடைய பங்கும் தனிச் சாமான்களும் அவர் விட்டுச்சென்ற சொத்தான எஸ்டேட்டைச் சேரும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் ரீக்ளைனரை வீட்டுக்கே விட்டுவிடலாம் என்று சொல்லக்கூடும். சொன்னதை யார் சொன்னார், எந்தத் தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் பயன்படுத்தத் தொடங்குவது மட்டும் கூடாது.

படி 9: ஒரு பக்க ஒப்பந்தமும், சரிப்படாவிட்டால் போகும் வழியும்

மேலே சொன்னவற்றை ஒரே பக்கத்தில் எழுதலாம்: எவை பொதுச் சாமான், யார் எவ்வளவு பங்கு, ஊழியர் பங்கு எவ்வளவு, பெரிய செலவின் கோடு எங்கே, காலி அறைக்கு யார், போகும்போது கணக்கு எப்படி. படங்களோடு எளிய மொழியில் ஒரு பிரதியும் வேண்டும். குடியிருப்பவர்களுக்குப் புரியாத தாளில் அவர்களுடைய கையெழுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. வருடத்துக்கு ஒருமுறையும், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பாருங்கள்.

கேட்ட பிறகும் பதில் வரவில்லை, அல்லது எடுத்த பணம் தவறு என்று தோன்றுகிறது என்றால், முதலில் கம்பெனியிடமே எழுத்தில் புகார். "எந்த ஒப்பந்தத்தின் எந்த வரியின்படி இந்தத் தொகை எடுக்கப்பட்டது?" என்ற ஒரே கேள்வி பெரும்பாலும் வேலை செய்யும். பராமரிப்புச் சம்பந்தமான புகார் அங்கே தீராவிட்டால் சுதந்திரமான விசாரணை அமைப்பான லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஓம்பட்ஸ்மன், ஹவுசிங் அசோசியேஷனின் வாடகை, சர்வீஸ் சார்ஜ் சம்பந்தமானது என்றால் ஹவுசிங் ஓம்பட்ஸ்மன். பராமரிப்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷனிடம் தகவல் சொல்லலாம், ஆனால் அவர்கள் தனிப்பட்ட புகாரைத் தீர்த்துவைக்கமாட்டார்கள். அப்பாயின்டி மேல் சந்தேகம் என்றால் டி.டபிள்யூ.பி, டெபுட்டி அல்லது அட்டர்னி மேல் என்றால் அவர்களைக் கண்காணிக்கும் ஆபீஸ் ஆஃப் தி பப்ளிக் கார்டியன்.

பணம் காணாமல் போயிருக்கிறது, மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் காசில் இன்னொருவருக்குச் செலவு செய்திருக்கிறார்கள் என்றால் புகார் வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். பணத்தைத் திருடுவது, ஏமாற்றுவது, பணத்துக்காக நெருக்குவது, தவறாகப் பயன்படுத்துவது எல்லாமே கேர் ஆக்ட் 2014-இன் 42-ஆம் பிரிவில் நிதி ரீதியான துன்புறுத்தலாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரியவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும், கவுன்சிலின் அடல்ட் சேஃப்கார்டிங் பிரிவுக்கு அன்றே போன் செய்யுங்கள். ஊழியர்களும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ரசீதுகளையும் நோட்டையும் படமெடுத்துக்கொண்டு பேசுவது நல்லது, ஏனென்றால் அசல் நோட்டு ஆபீஸில்தான் இருக்கும்.